தெற்குப் பார்த்த கண்ணாடி

எங்கள் சாரைப் பெரிய கட்டடக் கலைஞர் என்று இப்போது புகழ்கிறார்கள். புகழட்டும். அவரிடம் பதினெட்டு வருஷம் பிளான் வரைந்த எனக்கு வயிறுதான் எரிகிறது.

ஐம்பதுகளில் பம்பாயில் படித்துவிட்டுத் திருப்பூர் வந்த புதிதில், மூலையெல்லாம் வளைத்து, கப்பல் மாதிரி பால்கனி வைத்து வீடு கட்டினார். முகப்பில் லட்சுமி பொம்மை வேண்டுமென்ற ஒரு பஞ்சு வியாபாரியிடம், பிளானைச் சுருட்டிக் கொடுத்து வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். அந்த ரோஷத்தைப் பார்த்துத்தான் நான் அவரிடம் சேர்ந்தேன். அறுபதுகளில், வளைவெல்லாம் வெறும் மினுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு நேர்கோட்டுக்கு மாறினார். பூசாத கான்கிரீட், பட்டை பட்டையாக வெயில் தடுப்பு. அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதற்கப்புறம் வந்த பாணிக்கு அவர் பெயர் வைக்கவில்லை. நான் வைக்கிறேன்: 'சரிங்க' பாணி.

எழுபதுகளின் தொடக்கத்தில், வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு ஷெட் போடும் வேலை வந்தது. என் மனைவி அந்தக் கம்பெனியில்தான் செக்கிங் பார்த்தாள். இருட்டு குடோனில் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் ஓட்டை தேடித் தேடி, தினமும் தலைவலியோடு வருவாள். சார் கூரையை ரம்பப் பல் மாதிரி மடித்து, கண்ணாடியெல்லாம் வடக்கே பார்க்க, சரிவெல்லாம் தெற்கே இறங்க வைத்தார். வெளிச்சம் வரும், வெயில் வராது. இனி உனக்குத் தலைவலி இல்லை என்று நானும் வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

முதலாளி கூட்டிவந்த மனையடி சாஸ்திரக்காரர் பிளானைப் பார்த்தார். கூரைச் சரிவு தெற்கே இறங்குகிறது, மழைத்தண்ணீர் தெற்கே போனால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். முதலாளி முகம் சுருங்கியது. லட்சுமி பொம்மைக்குப் பிளானைச் சுருட்டிய மனுஷர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம், "கூரையத் திருப்பிப் போட்டுருங்க" என்றார்.

திருப்பினால் கண்ணாடி தெற்கே போகும், வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் நேரே உள்ளே இறங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சார் பார்த்த பார்வையில் மென்று முழுங்கிவிட்டு வரைந்து கொடுத்தேன்.

தை மாதம் புது ஷெட்டில் வேலை தொடங்கியது. ஒரே வாரத்தில் என் மனைவி கண் சிவந்து, நீர் வடிய வந்து படுத்தாள். ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, இப்படி வெயிலடிக்கும்னு உங்க சாருக்குத் தெரியாதுங்களா?"

தெரியும் என்றேன்.

"உங்களுக்கு?"

எனக்கும் தெரியும் என்றேன்.

"தெரிஞ்சேதான் வரஞ்சீங்களா?"

நல்லவேளை, துணியை அவள் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.