முந்திக்கொண்ட சிரிப்பு

இந்த ஊரில் தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே பார்க்கப் போனால், வசனம் காதில் விழுவதற்கு முன்பே அரங்கம் சிரித்துவிடும். திரையின் அடியில் ஆங்கில எழுத்து முதலில் வந்துவிடுகிறது. தெலுங்குக்காரர்கள் அதைப் படித்துச் சிரித்து முடித்த பிறகுதான் நடிகன் வாயையே திறக்கிறான். அப்புறம் நான் மட்டும் தனியாகச் சிரிப்பேன், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கூச்சம் புரியாது. கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரிக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

எனக்குப் பிடித்த ஒரு இயக்குநரின் புதுப் படம் ஞாயிறு காலை ஒரே ஒரு காட்சி, அதுவும் தமிழில் என்றதும் குதித்தேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது அவருடைய முதல் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் அந்த வசனங்களையே பேசிக்கொண்டிருந்தோம். அதில் செத்துப்போன குமாஸ்தா ஒருவன் தினமும் அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட வருவான். அந்தச் சிரிப்பை என் மகள் ஜெனிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. பதினாறு வயதாகிறது. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். திட்டினால் தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் ஒரு தமிழ் வேடிக்கைக்கு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் சொல்லி, விளக்கி முடித்ததும் “ஓ” என்பாள். என் வீட்டுக்காரர் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். “நக்கோ, எனக்கு வேண்டாம், அந்த ஆளு படம் தலைவலி” என்று கழன்றுகொண்டார்.

அவர் பிழைத்தார். கதாநாயகன் முதுகில் ஒரு மரப் பீரோவைக் கட்டிக்கொண்டு படம் முழுக்க நடக்கிறான். தாசில்தார் அலுவலகத்தில் கோழிகள் மனு வாங்குகின்றன. மழைக்குப் பதில் செருப்பு கொட்டுகிறது. ஒவ்வொருவனும் பாதி வாக்கியம் சொல்லிவிட்டு நம்மை முறைக்கிறான். அபத்தமாம்! அபத்தத்துக்கும் ஒரு நியாயம் வேண்டாமா? அந்தக் குமாஸ்தாவின் முகத்தில் ‘லீவு சொல்லாமல் செத்துவிட்டோமே’ என்ற பயம் இருந்தது, அதனால் சிரித்தோம். இவனுக்கோ இவ்வளவு பெரிய பீரோவைச் சுமந்தும் முதுகுகூட வலிக்கவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனியோ மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், எழுத்தைப் பார்த்து.

“மக்ளே, கீழ வாசிக்காத. அவன் என்ன சொல்லுகான்னு காதால கேளு.”

“சதிவிதேனே நவ்வொஸ்துந்தி அம்மா,” என்றாள். படித்தால்தான் சிரிப்பு வருகிறதாம். அதற்குமேல் அந்த ஆளின் படத்துக்காக வாதாட எனக்கு மனமில்லை. எப்போது முடியும் என்று வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவன் பீரோவை ரோட்டோரம் இறக்கி வைத்தான். அதன் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, நாலைந்து வாக்கியம் பேசினான். அடியில் எழுத்து வரவில்லை. “அரே, கைக்கு பந்த் கரே?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ஏன் நிறுத்தினீர்கள் என்று அரங்கமே முணுமுணுத்தது. ஜெனி என் கையைப் பிடித்தாள்.

“அம்மா, ஏமன்னாடு?”

அவன் என்ன சொன்னான் என்று என்னைக் கேட்கிறாள். இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருடமாகக் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, நானும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் பேசிய சத்தம் காதில் விழுந்தது, வார்த்தை விழவில்லை. எழுத்து வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த இயக்குநரை மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அந்த வசவில் பாதி எனக்கு.

அப்போது முன்வரிசையில் யாரோ ஒருவர் மட்டும் தனியாகச் சிரித்தார். ஜெனி என் கையை விட்டுவிட்டு அவரை எட்டிப் பார்த்தாள்.