ஒரே மதியத்தில் ஏழு மாதம்

எடுத்த எடுப்பில் யாரையும் நம்பிவிடுகிற ஆளில்லை அவள். அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். பழைய படத்தையும் எதிரில் நிற்கும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "இது நீங்கதானா?" என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. "நான் தாடி எடுத்துட்டு வந்தாக்கூட கதவைத் திறக்க மாட்டா" என்று அவள் கணவர் கிண்டல் செய்வார்.

மகள் பிறந்த பிறகு அந்த வேலையை விட்டாள். சாவி வெட்டுபவரின் கடைக்கு மேலே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, அம்மாக்களையும் குழந்தைகளையும் படம் எடுக்கத் தொடங்கினாள். பிரம்புக் கூடை, கம்பளிக் குல்லாய், வலைத்துணி, பஞ்சு ஒட்டிய தேவதைச் சிறகு. தொழில் சூடு பிடித்தது. 'போட்டோ அக்கா' என்று பெயரும் வந்தது. ஆனால் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ உறுத்தும். எல்லா அம்மாக்களும் ஒரே பக்கம் தலை சாய்த்து, ஒரே அளவுக்குச் சிரித்தார்கள். கேமராவைத் தாழ்த்திய மறுநொடி அந்தச் சிரிப்பு கழன்று விழுவதை அவள் மட்டும்தான் பார்த்தவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பத்து மாதப் பெண் குழந்தையோடு ஒருத்தி படியேறி வந்தாள். கையில் பெரிய பச்சைப் பை. வந்ததும் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"கதவைத் தாழ் போட்டுக்கலாமா?"

"எதுக்குங்க?"

"காத்து வருது, அதான்."

ஒரு இலைகூட அசையாத மதியம் அது.

பையிலிருந்து ஐந்து சட்டைகள் வெளியே வந்தன. ஐந்திலும் கடை அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு மட்டுமல்ல, தனக்கும் நாலு மாற்றுடை கொண்டு வந்திருந்தாள்.

"வேற வேற நாள்ல எடுத்த மாதிரி இருக்கணும். மூணு மாசத்துல இருந்து இப்ப வரைக்கும்."

"மூணு மாசக் குழந்தைக்கு ஏதுங்க பல்லு? பாப்பாவுக்குக் கீழே ரெண்டு வந்திருக்கே."

"தூங்கும்போது எடுத்தா பல்லு தெரியாது இல்ல?" என்றாள் அவள் சட்டென்று. எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

போட்டோ அக்காவின் பழைய மூளை விழித்துக்கொண்டது. குழந்தையின் முகத்தையும் இவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். குழந்தை இவள் மடியில் உட்காரவில்லை, விறைத்துக்கொண்டு நின்றது. கண்கள் கதவின் மேலேயே இருந்தன.

"பாப்பா எப்படித் தூங்குவா? தோள்லயா, மடியிலயா?" பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"எதுலயாவது."

"வீட்ல என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"பாப்பான்னுதான்..."

அந்தப் பெண்ணின் கைப்பேசி அதிர்ந்தது. பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறை அணைத்தே விட்டாள். குழந்தை வீறிட்டது. எடுத்துத் தட்டிக்கொடுத்தாள், ஆனால் அந்தக் கை யாரோ தூங்குகிற வீட்டின் கதவைத் தட்டுவதுபோல் பயந்து பயந்து தட்டியது.

"ஒரு லென்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்" என்று போட்டோ அக்கா உடை மாற்றும் தடுப்புக்குப் பின்னால் போனாள். பிள்ளை பிடிக்கிற கேஸ்தான் இது, சந்தேகமே இல்லை. தாய் நான்தான் என்று காட்டப் படங்கள் தயார் செய்கிறாள். போலீஸ் எண்ணை அழுத்தப் போன நேரம், படிக்கட்டில் தடதடவென்று காலடி. கதவு இடிபட்டது.

ஓடிப் போய்த் திறந்தாள். இன்னொரு பெண், வயதில் கொஞ்சம் மூத்தவள், செருப்பில்லாமல், இரைக்க இரைக்க நின்றாள். "பச்சைப் பையோட ஒரு பொண்ணு மேல போச்சுன்னு சாவிக்கடைக்காரர் சொன்னார்..." அவள் முடிக்கவில்லை. குழந்தை உடம்பை வில்லாக வளைத்து அவள் பக்கம் பாய்ந்தது. அவள் தோளில் முகம் புதைத்ததும் அழுகை நின்றுவிட்டது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போட்டோ அக்கா கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"யாரும் நகரக் கூடாது. இது யாரு குழந்தை? உண்மையைச் சொல்லுங்க, போன் கையிலதான் இருக்கு."

கேள்வி வந்தவளைப் பார்த்துத்தான். அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே மற்றவளைப் பார்த்தாள்.

"அவளோடதுதான்" என்றாள் கடைசியில். "நான் பெரியம்மா. இவளுக்கு அக்கா."

பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் தங்கைக்கு மனசு கலங்கிப்போனது. குழந்தையைத் தொடவே பயந்தாள். மருத்துவமனையிலும், பிறகு குணமாகிறவர்கள் தங்கும் இல்லத்திலுமாக ஏழு மாதம். கணவருக்குக் கப்பலில் வேலை. குழந்தையை அக்காதான் வளர்த்தாள். தங்கை வீடு திரும்பிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. இன்றைக்கு அக்காவிடம் சொல்லாமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பெரியவளானதும் ஆல்பத்தைப் புரட்டுவா" என்றாள் தாய், தரையைப் பார்த்தபடி. "ஏழு மாசம் எல்லாப் படத்துலயும் அக்காதான் இருப்பா. அம்மா, நீ எங்கே இருந்தேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" நிமிர்ந்தாள். "என்னைப் பிள்ளை பிடிக்கறவன்னுதானே நினைச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வரவில்லை. "ஆமாங்க. அப்படித்தான் நினைச்சேன். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லை. இவளும் அப்படித்தான் நினைக்கறா" என்று குழந்தையைக் காட்டினாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "இவங்க எல்லாரும் நிஜமாவே இப்படிச் சிரிச்சாங்களா? இவங்களுக்குச் செய்யறதை எனக்குச் செய்ய மாட்டீங்களா?"

போட்டோ அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. அன்று ஒரு படமும் எடுக்காமலே அவர்கள் கிளம்பிப் போனார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பதில் கிடைத்தது. போன் செய்தாள்: "போன மாசங்களை என்னால எடுக்க முடியாதுங்க. வர்ற மாசங்களை எடுக்கறேன். உங்க வீட்டுக்கே வந்து, இருக்கறதை இருக்கறபடி."

"இதுல உங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்றாள் தாய். கெட்டிக்காரி, அவளும் லேசில் நம்புகிறவள் இல்லை.

"தெரியலைங்க. இத்தனை நாளா கூடையைத்தான் படம் எடுத்திருக்கேன்னு தோணுது."

வியாழன்தோறும் போனாள். முதல் மூன்று வாரம் அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு சந்தேகம். "இந்தப் படத்தை எல்லாம் டாக்டர்கிட்ட காட்டுவீங்களா?" என்று சமையலறையில் வைத்துக் கிசுகிசுத்தாள் பெரியம்மா. "அக்கா என்னைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று மாடிப்படியில் மறித்தாள் தாய். தன்னை வேடிக்கை பார்க்க வந்தவள் என்று இருவரும் நினைப்பதாகப் போட்டோ அக்காவுக்கு ஒரு சந்தேகம்.

படங்களும் லேசில் வரவில்லை. தாய் நீட்டிய கரண்டியைக் குழந்தை தட்டிவிட்டது. பெரியம்மா குளிக்கப் போனால் குளியலறைக் கதவடியில் உட்கார்ந்து அழுதது. தாய் ஒரு முழம் தள்ளி, தரையில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதையும் போட்டோ அக்கா திருத்தவில்லை. 'கொஞ்சம் சிரிங்க' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். ஐந்தாவது வாரம் குழந்தை தாயின் கட்டைவிரலைப் பிடித்து, கடிக்கலாமா என்பதுபோல் வெகுநேரம் சோதித்தது. அதற்கு அடுத்த வாரம், சோர்வோ நம்பிக்கையோ, அவள் முழங்காலில் தலை வைத்துத் தூங்கிப்போனது. காலில் ரத்தம் ஓடாமல் மரத்துப்போயும் தாய் ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. படம் எடுத்தவளுக்குக் கண் கலங்கி, பாதிப் படங்கள் மங்கலாக விழுந்தன.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தாய் தன் கையால் தேதி எழுதினாள்.

மாடி அறையிலும் மாற்றம் வந்தது. சிறகையும் கூடையையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள் போட்டோ அக்கா. "அழற பிள்ளையைப் படம் எடுக்க நீ எதுக்கு?" என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. மிஞ்சியவர்களின் வீட்டுக்குப் போனாள். கலைந்த படுக்கை, காயாத துணி, தூக்கம் கெட்ட கண்கள். கிளம்பும்போது சில அம்மாக்கள் கேட்காமலே பேச ஆரம்பித்தார்கள். இதற்குத்தானா இத்தனை வருடம் கேமராவைத் தூக்கினோம் என்று பேருந்தில் வரும்போது தனக்குள் கேட்டுக்கொள்வாள். முழுசாக நம்பிவிடாமல்தான்.

வியாழன் வருகை தொடங்கிய மூன்றாம் மாதம் பெரியம்மா தன் வீட்டுக்குத் திரும்பினாள். அன்று வியாழனும் இல்லை. காலை பத்து மணிக்குத் தாயிடமிருந்து போன். பின்னணியில் குழந்தையின் கதறல்.

போட்டோ அக்கா எழுந்துவிட்டாள். ஏதாவது ஆகிவிட்டதா? "என்னங்க ஆச்சு? நீங்க நல்லா இருக்கீங்களா?"

"அக்கா கிளம்பிட்டா. இவ காலையில இருந்து அழறா, நானும் அழுதுட்டேன்" என்றாள் தாய். குரல் கரகரத்தாலும் பதற்றம் இல்லை. "ஆனா என் தோள்லதான் அழறா, இறங்கவே மாட்டேங்கறா. சீக்கிரம் கேமராவோட வாங்க."