மேனுவலா, ஆட்டோவா: புக்கிட் மெர்தாஜாம் ஏற்றத்தில் கிடைத்த பதில்

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தொரு வயதில், ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிட ஏற்றத்தில், பின்னால் ஏழு கார்கள் காத்திருக்க, மேனுவல் கார் ஒன்றை நான்கு முறை அணையவிட்டேன். ஐந்தாவது முறை அது அணையவில்லை. பின்னால் உருண்டது.

கார் வாங்கப் போனது என் மனைவி கமலாவுக்காக. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளுக்குப் பதவி உயர்வு. காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஜார்ஜ் டவுனிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு பஸ். எப்போது போய்ச் சேரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது. மூன்று முறை தாமதமாகிவிட்டது. இன்னொரு முறை என்றால் பழைய வேலைக்கே திருப்பிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்குக் கார் தேவைப்பட்டதே இல்லை. சூலியா தெரு அச்சகத்துக்கு நடந்து போகிறவன். ஆனால் அதே அச்சகத்தில் இருபது வருடமாக, “ஆம்பளன்னா கியர் போட்டு ஓட்டணும்” என்று முழங்கி வருகிறவனும் நான்தான். முதலாளியின் மச்சான் ஆட்டோ கியர் கார் வாங்கியபோது நான் அடித்த கிண்டலில், மனிதர் இரண்டு வாரம் கடைப் பக்கமே வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு எங்கள் தீவிலிருந்து ஃபெரி. ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். பட்டர்வொர்த்தில் இறங்கி ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜாம். அங்கிருந்து பழைய கார் கடைக்கு வாடகைக் காரில் எட்டு வெள்ளி. கடைக்காரர் சேகர், ஒரே கம்பெனி, ஒரே வருடத்து வெள்ளை நிறக் கார்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

“மேனுவல் காடி பதினாலாயிரம், ஆட்டோ பதினேழாயிரம். ரெண்டு மணிக்கு இன்னொரு ஆளு வராரு அண்ணே. சீக்கிரம் முடிவு பண்ணுங்க லா.”

“மேனுவல்தான்” என்றேன். கமலா ஆட்டோவின் கதவைத் திறந்து இருக்கையை அழுத்திப் பார்த்தாள்.

ஆனாலும் எனக்குக் கேள்விகள் இருந்தன. மூவாயிரம் வெள்ளி எதற்கு அதிகம்?

“மேனுவல் கெட்டா கிளட்ச மாத்திட்டுப் போயிரலாம். ஆட்டோ கியர்பாக்ஸ் கெட்டா, வீட்ல சொல்லாம உக்காந்து அழணும்.”

“அப்ப மேனுவல்தானே நல்லது?”

“நல்லதுதான். நாளைக்கு விக்கிறப்ப வாங்க ஆளு வேணுமே அண்ணே!”

இவர் எந்தக் கட்சி என்று கடைசிவரை பிடிபடவில்லை. “ஏத்தத்துல நிறுத்தி எடுத்துப் பாருங்க, எல்லாம் தெரிஞ்சிரும்” என்று, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த பேரங்காடிக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து வழி காட்டியவரும் அவர்தான்.

நுழைவுத் தடுப்பு சரியாக ஏற்றத்தின் நடுவே இருந்தது. வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி கட்டண அட்டையைக் கருவியில் ஒற்ற வேண்டும். இடது கால் கிளட்சில், வலது கால் பிரேக்கில். கம்பு உயர்ந்தது, கார் அணைந்தது. மீதியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். உருண்ட காரைப் பிரேக்கில் நான் பிடித்தபோது, பின்னால் இருந்த காருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். அதிலிருந்து சீன அங்கிள் ஒருவர் இறங்கி வந்து, “பாஸ், ஹேன்பிரேக் தாரிக் லா!” என்று கையால் இழுத்தும் காட்டினார். ஏழு கார்களும் அந்தப் பாடத்தைக் கவனித்தன.

“ஏங்க, இறங்குங்க” என்றாள் கமலா.

இடம் மாறினோம். ஹேண்ட்பிரேக் போட்டபடியே எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரை, மிதித்து, கிளட்சை மெல்ல விட்டாள். காரின் மூக்கு லேசாகத் தூக்கிய கணத்தில் பிரேக்கை விடுவித்தாள். கார் மேலே போய்விட்டது.

பின்னிருக்கையிலிருந்து சேகர் கேட்டார்: “அக்கா, முன்ன லோரி ஓட்டினீங்களா?”

“அப்பாவோட காய்கறி வேன். தாசேக் கெலுகோர்ல.”

அந்த வேனைப் பற்றி எனக்குத் தெரியும். கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில், அதை ஓட்டியது யார் என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“அப்ப மேனுவலே எடுத்துரலாம்” என்றேன், போன மானத்தில் கொஞ்சம் மீட்டுக்கொண்டு.

“ஓட்டத் தெரியுங்கிறதுக்காக, தினம் ரெண்டு வேளையும் ஜேம்ல கிளட்ச் மிதிக்கணுமா? எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற காலுங்க இது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆட்டோவ எடுங்க. அச்சகத்துல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றாள். சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

ஆட்டோவும் அதே ஏற்றம் ஏறியது. கம்பு உயர்ந்தது, கமலா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள், கார் முனகிக்கொண்டே நகர்ந்தது. ஒன்றே முக்காலுக்கு முன்பணம் ஐந்நூறு வெள்ளி கொடுத்தோம். வியாழக்கிழமை கார் வீட்டுக்கு வந்தது. கமலா காலை ஆறுக்குக் கிளம்புகிறாள். மூன்று வாரமாக ஒரு நாளும் தாமதமில்லை.

எது நல்லது என்றே ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருடைய கால், எந்தச் சாலை என்று கேட்டிருந்தால் ஃபெரியிலேயே முடிவு தெரிந்திருக்கும். நீங்கள் போவதாக இருந்தால் காலையிலேயே போங்கள். எஞ்சின் சூடாகுமுன் நீங்களே முடுக்கிப் பாருங்கள். சமதரையில் ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், ஏற்றம் தேடுங்கள். ஆட்டோ என்றால் கியர் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது உதைக்கிறதா என்று கவனியுங்கள். தீவுக்குத் திரும்பும்போது பாலச் சுங்கத்துக்கு ஏழு வெள்ளி தனியாக வையுங்கள்.

இந்த ஆலோசனையெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து எழுதியது. அந்த ஆட்டோவை நான் இன்றுவரை ஒரு முறைகூட ஓட்டியதில்லை.