விலாங்குச்சல்லியின் கல்

கடலிலிருந்து எடுத்த கல்லில் முதல் நாள் பாசி வாசம் அடிக்கும், மூன்றாம் நாள் செத்த மீனின் வாசம் அடிக்கும், ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் எந்த வாசமும் இல்லாமல் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே கரையோரம் அப்படிக் கல் குவிந்து கிடக்கும். கல் எப்படி அழுகும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. அது கல் அல்ல, உயிர்கள் கட்டிய கூடு என்பதையும், அதற்குப் பவளப்பாறை என்று பெயர் உண்டு என்பதையும் பின்னால் பாடப்புத்தகம்தான் சொன்னது. நாங்கள் அதைக் 'கடக்கல்லு' என்றோம். அதை எடுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

இதை மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா வலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பெரிய படகுகள் வந்து மீனை அள்ளிக்கொண்டு போன பிறகு, வலை வெறுமையாக வந்த ஒரு வருஷத்தில், கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போனார். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று பாறையை நெம்பி, மூச்சடக்கிக் குனிந்து தூக்கி, வள்ளத்தில் போடுவார்கள். மதியம் வள்ளம் பாரத்தால் விளிம்புவரை அமிழ்ந்து வரும். கரையில் லாரி நிற்கும். சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொஞ்சம், ஊருக்குள் சுவர் எழுப்பக் கொஞ்சம் என்று அந்தக் கல் போய்க்கொண்டே இருந்தது. அப்பாவின் உள்ளங்கையில் வெட்டு ஆறி நான் பார்த்ததில்லை.

ஏழு வயதில் ஒரே ஒரு முறை என்னை விலாங்குச்சல்லிக்குக் கூட்டிப் போனார். எங்கள் கரைக்கு எதிரே வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்று நான்கு தீவுகள். இறந்த பவளம் உடைந்து சல்லியாகி, அலை அதைக் குவித்து, மேலே மணல் ஏறி, பறவை கொண்டுவந்த விதை முளைத்து உண்டான நிலம் அவை. நான் பார்த்தபோது விலாங்குச்சல்லி ஒரு தீவு என்று சொல்லும்படியாகக்கூட இல்லை. கோயில் தெப்பக்குளம் அளவுக்கு ஒரு வெள்ளை மேடு, அதில் தரையோடு படர்ந்த செடி, கூட்டமாகக் கத்துகிற ஆலாப் பறவைகள். கடல் ஏறும் நேரத்தில் பாதி நனைந்துவிடும். "ஏளா, மெல்ல மிதி. கல்லு வெட்டிரும்" என்றார் அப்பா. நான் அந்த மேட்டின் உச்சியில், அதாவது என் முழங்கால் உயரத்தில், நின்றுகொண்டு நாலு பக்கமும் கடலைப் பார்த்தேன். உலகத்தில் எனக்கென்று ஒரு இடம் கிடைத்துவிட்டது போலிருந்தது.

எட்டாம் வகுப்பில் புவியியல் எடுத்த மிஸ் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். நன்றாகப் பாடம் நடத்துவார். ஒரு நாள் பலகையில் கரையை வரைந்து நான்கு தீவுகளையும் புள்ளி வைத்தார். பிறகு விலாங்குச்சல்லிக்கு வைத்த புள்ளியை விரலால் அழித்தார். "இது இப்போ இல்லை. பேராசை பிடிச்சவங்க கல்லைப் பேத்து எடுத்து, தீவையே கடலுக்குள்ள அனுப்பிட்டாங்க."

பக்கத்திலிருந்த ஜெயந்தி எழுந்து, "மிஸ், இவ அப்பாவும் கல்லுதான் எடுக்காவ" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது.

எழுந்து, "நம்ம ஸ்கூல் மதில எந்தக் கல்லுல கட்டிருக்கு மிஸ்?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். "உட்கார்" என்றார் மிஸ். நான் உட்காரவில்லை. ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, மதிலில் காரை உப்பிக் கிடந்த இடமாகப் பார்த்துக் குத்திச் சுரண்டினேன். ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பூப்பூவாகத் துளைவிட்ட எங்கள் கல்.

பள்ளிச் சுவரை நாசம் செய்ததாகத் தலைமையாசிரியை என்னை வராந்தாவில் நிறுத்தினார். மன்னிப்புக் கடிதமும் அப்பாவும் வர வேண்டும் என்றார். அப்பா மறுநாள் கடலுக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெயர்ந்த இடத்தைப் பார்த்ததும் கட்டைவிரலால் அந்தக் கல்லைத் தடவி, "இது பழைய கல்லு. எங்கய்யா காலத்துல எடுத்தது" என்றார். அப்புறம் தலைமையாசிரியையின் முன்னால் கையைக் கூப்பி, "சின்னப்பிள்ள, தெரியாமச் செஞ்சுட்டா" என்றார்.

என் ஆத்திரமெல்லாம் அப்பாமேல் திரும்பியது. கரை வந்ததும் கேட்டேன்: "எதுக்குக் கும்பிட்டீய?"

"நீ படிக்கணும்லா."

"மிஸ் சொன்னது பொய்யா, நெசமா?"

"பொய்யின்னு சொல்ல மாட்டேன் ளா. பாதி."

அந்தப் பாதி என்ற சொல்தான் என்னைக் கடிதம் எழுத விடவில்லை. மூன்று நாள் வராந்தாவில் நின்றேன். நான்காம் நாள் எழுதிக் கொடுத்தேன்: சுவரைச் சுரண்டியது தவறு, இனிச் செய்ய மாட்டேன், நான் கேட்ட கேள்வி தவறு இல்லை. தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கிளாஸுக்குப் போ" என்றார். அடுத்த வாரம் அந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். மிஸ் அந்த வருஷம் முழுக்க என்னை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஆனாலும் நான் புவியியலில்தான் அதிக மார்க் வாங்கினேன்.

பின்னால் கல் எடுக்கத் தடை வந்தது, காவல் படகு வந்தது. அப்பா ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கடப்பாரையைப் போட்டுவிட்டு நண்டு வலைக்குத் திரும்பினார்.

இப்போது நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. போன மாதம் எங்கள் தெருவில் தீவுகளைக் காப்பது பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். மீதித் தீவுகளும் கரைகின்றன, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கான்கிரீட் இறக்குகிறோம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல காரியம்தான். பேசிய இளைஞர் கடைசியில், "இதெல்லாம் உங்க பெரியவங்க செஞ்ச வினை" என்றார்.

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"ஆமா தம்பி, நாந்தான் எடுத்தேன். என் பேரையே எழுதிக்கிடுங்க. கையால எடுத்தவன் இங்கன நிக்கான். அடுத்த வரியில, யார் யார் வாங்குனாவன்னும் எழுதுங்க."

இளைஞர் தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதினார். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் பெயர் இருந்தது. அடுத்த வரி இல்லை.

இன்று விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் கிடக்கிறது. வள்ளங்கள் அதன்மேல் ஓடுகின்றன. நான் நின்ற மேட்டில் இனி யாரும் நிற்க முடியாது. அந்த இழப்பில் என் அப்பாவின் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விட்டுப்போன வரியை நான் எழுதியாக வேண்டும்: அந்தக் கல்லை விலை பேசி வாங்கியவர்களும், சுட்டுச் சுண்ணாம்பாக்கியவர்களும், அதில் வீடும் கடையும் கட்டிச் சௌகரியமாகக் குடியிருந்தவர்களும் இந்த ஊரார் எல்லாரும்தான், அந்தக் கல் மதிலுக்குள் படித்த நான் உட்பட.