அன்ரோனெற்றக்கா கேட்ட பங்கு

எங்கள் மன்னார்க் கரையில் கால்பந்து பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் பந்தைப் பார்ப்பதில்லை. அன்ரோனெற்றக்காவின் வாயைப் பார்க்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கரையில் மீன் கூறுவது அவர் தொழில். போட் வந்ததும் மீனைக் குவித்து, விலையைக் கூவி ஏற்றி, வாங்க வந்தவர்களை ஒருவரோடொருவர் மோத விட்டு, விற்று முடிப்பார். அவர் வாயை மூடினால் ஏலம் முடிந்தது. அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் மீன் கிடையாது. அந்தத் தொண்டையைத்தான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கோல் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார். எதிரணியின் கோல்காப்பாளன் பாவம்.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து அவர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. கிணற்றில் உப்பு. அந்த நேரத்தில்தான் கண்ணிவெடி அகற்றிய மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தது. கூரை போடாமல் பந்து பார்க்கப் போனீர்களே என்று ஒருநாள் கேட்டேன்.

"கீழ பாக்காம ஓடுற சனத்தப் பாக்கப் போனனான், தோழர்," என்றார். "பிறகு விடேலாமப் போச்சு."

தொழிற்சங்கத்தில் திரிந்தவன் என்பதால் என்னைத் தோழர் என்பார். அதில் பாதி நக்கல்.

சில வருடங்களில் எங்கள் பெடியளின் விளையாட்டு சம்பள விளையாட்டாகியது. ஐஸ் ஆலை வைத்திருக்கும் சந்தியோகு, 'சோளகம்' என்று காற்றின் பேரில் ஓர் அணியைத் தொடங்கிச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார். முசலியிலிருந்து வந்த நௌஷாட் தலைவன். அடம்பன் பெடியன் றெக்சன் கோல் அடிப்பவன். நீலச் சட்டை, மாகாணக் கிண்ணம், பஸ் நிறையச் சனம். ஒரு வருடம் இறுதியாட்டம் வரைக்கும் போய்விட்டார்கள். எங்கள் கரைக்கு அதுதான் முதல் தடவை. கிண்ணம் கிடைத்தால் மடுக் கோயிலுக்கு நடந்து வருவேன் என்று அன்ரோனெற்றக்கா மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்.

ஆனால் அரையிறுதியில் றெக்சனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. சந்தியோகு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்துக்கு வேறு ஆள் தேடினார். நௌஷாட்டும் மற்றவர்களும் மறுத்தார்கள். எழும்பி நடக்கும்வரை றெக்சனும் சம்பளத்தோடு அணியில்தான், இல்லையென்றால் நாங்கள் இறங்கமாட்டோம் என்றார்கள். ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் துண்டுப்பிரசுரம் எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்?

பயிற்சி நின்றது. ஞாயிறுகள் செத்துப்போயின. கடலை வண்டி வரவில்லை. மைதானத்தில் கழுதைகள் மேய்ந்தன. ஒருநாள் மீன் சந்தையில் அன்ரோனெற்றக்கா என்னைப் பிடித்தார். கையில் கருவாட்டுப் பொதி, சுற்றியிருந்தது என் பிரசுரம்.

"நல்ல தடிப்பான கடதாசி, தோழர். எண்ணெய் ஊறேல்ல," என்றார். பிறகு குரல் இறங்கியது. "முதலாளியோட சண்டையெண்டா முதலாளியோட பிடியுங்கோ. என்ர ஞாயிற ஏன் பறிக்கிறியள்?"

பொதுமக்கள் எங்கள் பக்கம் என்று அந்தப் பிரசுரத்தில் எழுதியிருந்தேன். பொதுமக்களை யாரும் கேட்டிருக்கவில்லை.

இறுதியாட்ட நாள். சந்தியோகு எங்கிருந்தோ ஒரு வான் வண்டியில் பெடியளைக் கொண்டுவந்து அதே நீலச் சட்டையைப் போட்டுவிட்டார். உள்ளே போகவேண்டாம் என்று சனத்தைக் கேட்டுக்கொண்டு எங்கள் ஆட்கள் மைதான வாசலில் நின்றார்கள். மாக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு றெக்சன் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தான். அன்ரோனெற்றக்கா வரமாட்டார் என்று நான் நம்பினேன். வந்தார், நீலச் சேலையோடு.

"கால மடக்கடா, சனம் போறதில்லையோ," என்றார்.

"மடக்கேலாதக்கா," என்றான் றெக்சன்.

மாக்கட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். நௌஷாட் தலையைக் குனிந்துகொண்டான். அவரே போனபிறகு சனம் வாசலில் நிற்குமா? கரை முழுக்க உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அவருடைய குரலும் கேட்டது.

நாங்கள் வேலியால் பார்த்துக்கொண்டு நின்றோம். இடைவேளைக்கு முன்னம், வானில் வந்த பெடியன் ஒருவன் உதை வாங்கி விழுந்தான். மேடையிலிருந்து சந்தியோகு கையைக் காட்டினார், இழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவனை இறக்கு என்று. இரண்டு பேர் அவனைக் கக்கத்தில் பிடித்து இழுத்துவந்து கோல் கம்பத்துக்குப் பின்னால், அன்ரோனெற்றக்காவின் காலடியில் போட்டார்கள். அவர் குனிந்து, எந்த ஊர், எப்படி வீட்டுக்குப் போவாய் என்று கேட்டார். எப்படிப் போவதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஓடமுடியாதவனுக்கு வானில் இடமில்லை என்று சொல்லியிருந்தார்களாம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் அடிபட்டவன் எழும்பி நடக்கும்வரை, அவன் ஏறிய போட்டில் அவனுக்கும் ஒரு பங்கு விழும். யாரும் எழுதி வைத்ததில்லை. யாரும் மீறியதுமில்லை.

அன்ரோனெற்றக்கா நிமிர்ந்தார். மீன் கூறும் குரலில், மேடையைப் பார்த்துக் கேட்டார்.

"சந்தியோகு, இவன்ர பங்கு எங்க?"

பிறகு வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"வாசலில இருக்கிறவன்ர பங்கு எங்க? உன்ர அப்பு கை நசுங்கிக் கிடக்கேக்க கரை பங்கு வச்சது. என்ர அம்மா கூறின மீன். திண்டுதானே நீ வளந்தனி?"

பிறகு வாயை மூடினார். அதன் அர்த்தம் கரையில் எல்லாருக்கும் தெரியும். அவர் அந்தப் பெடியனைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வெளியே வர, பின்னால் சனம் எழும்பி வந்தது. நௌஷாட் ஆட்டோ பிடித்து, பெடியனை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மிச்ச ஆட்டம் வெறும் மைதானத்தில் நடந்து, கிண்ணம் எதிரணிக்குப் போனது.

அடுத்தநாள் விடிய, மீன் கூறத் தொடங்குமுன் சந்தியோகு கரைக்கு வந்தார். அன்ரோனெற்றக்காவின் முகத்தைப் பார்க்காமல் நௌஷாட்டிடம் பேசினார். றெக்சன் அணியில்தான். வானில் வந்த பெடியனின் செலவும் தன்னுடையது. வழக்கம் வழக்கம்தானே என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

என் பிரசுரம் வென்றது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்ரோனெற்றக்கா விடவுமில்லை. கிண்ணத்தைத் தின்றவர்கள் நீங்கள், தோழர், என்று கண்ட இடமெல்லாம் ஏசினார். நேர்த்தி இன்னும் மாதாவிடம் நிலுவையில் நிற்கிறதாம்.

அடுத்த வருடம் றெக்சன் திரும்ப இறங்கினான். முதல் ஆட்டத்திலேயே, கோல்காப்பாளன் விழுந்து கிடக்க, வெறும் கம்பத்துக்கு மேலால் பந்தை அடித்தான். பந்து வேலி தாண்டி விழுமுன்னே கம்பத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உனக்குப் பங்கு வச்சது இதுக்கோடா?"