பதினெட்டு அடிப் படகில் ஒரு கக்கூஸ்

நான் வேலை பார்த்த இடங்களில் கக்கூஸ் இருந்தவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி, லாரி கிளீனர், செங்கல் சூளைக் கூலி, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவன் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொரட்டூர் ஏரியை ஒட்டிய மேனாம்பேட்டில் ஒரு ஃபைபர் கொட்டகையில் வந்து விழுந்தேன். அங்கும் கக்கூஸ் இல்லை. டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் நடக்கும் தூரம் கூடும். கோடையில் ஏரி வற்றி, மறைவு குறையும். மற்றபடி குறையொன்றும் இல்லை.

கொட்டகையில் நாங்கள் செய்தது தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட்டு, பாத்ரூம் கதவு. கண்ணாடி நாரை ரெசினில் நனைத்து அச்சின் மேல் படியவைத்து, இறுகியதும் உரித்தெடுப்பதுதான் வேலை. நார்த்தூள் தோலில் ஏறினால் அரிக்கும். முதல் மாதம் அரிப்பில் தூக்கம் வராது. இரண்டாம் மாதம் சொறிந்துகொண்டே தூங்கப் பழகிவிடுவோம். கூட வேலை செய்தவன் அந்த ஊர்க்காரன். கல்யாணமாகி வாடகை வீட்டில் இருந்தான். நான் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வேன்.

ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் டேங்க் செய்தேன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"எத்தினி லிட்டரு சார்?" என்று கேட்டான் என் கூட்டாளி.

அவர் கோபப்படவில்லை. பட்டாளத்துக்கான பீரங்கி வண்டி என்று விளக்கினார். அதன் தலையில் இருக்கும் வட்ட மூடி அவருடைய பிரிவு. ஆள் உள்ளே இறங்கி உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவானாம். அந்த மூடி திறந்து மூடுவதில்தான் அவருடைய ஆயுசு போயிருந்தது.

இப்போது அவருக்கு ஒரு பாய்மரப் படகு வேண்டும். பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ஒரு ஆங்கிலப் புத்தகத்தின் நடுவில் எட்டாய் மடித்த வரைபடம் ஒன்று இருந்திருக்கிறது. பதினெட்டு அடி நீளம், முன்பக்கம் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்ன அறை. குவார்ட்டர்ஸில் இத்தனை வருஷம் இருந்தும் மனைவியை விடுமுறைக்குச் சொந்த ஊர் தவிர வேறெங்கும் கூட்டிப்போனதில்லை என்றார். ஏரியில் பழகிவிட்டுப் பழவேற்காட்டில் விடப்போகிறார், இரண்டு பேருமாகப் போகப்போகிறார்கள். இதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வரைபடத்தைக் கொடுத்துவிட்டு அவர் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கொட்டகையில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. படகின் மூக்குப் பக்கம் ஒரு முக்கோண அறை, அதற்குள் ஒரு முட்டை வடிவம், பக்கத்தில் நான்கு எழுத்து. ஹெச், ஈ, ஏ, டி. ஹெட். ஹெட் என்றால் தலை. தலை வைக்கிற இடம். அப்படியானால் முட்டை வடிவம் தலையணை. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வரைபடத்தில் இருந்த அளவுக்கே ஃபைபரில் ஒரு தலையணை வார்த்தோம். நடுவில் தலை பதிகிற மாதிரி பள்ளம் வைத்தோம், ஏனென்றால் வரைபடத்திலும் முட்டைக்குள் இன்னொரு முட்டை இருந்தது. பொருத்தியதும் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்துப் பார்த்தோம். கூட்டாளிக்கு அது மிகவும் பிடித்துப்போய் மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு வாரம் அதில்தான் தலை வைத்துத் தூங்கினான்.

திரும்பி வந்த சார் தலையணையைத் தட்டிப் பார்த்து, சுத்தமான வேலை என்றார். ஹெட் என்று போட்டிருப்பது படகின் தலைப்பக்கம் என்று அவர் நினைத்திருந்தார். மற்றதை நாங்களாக அக்கறையில் செய்திருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். கூட்டாளிக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. வடக்கே தலை வைக்கக் கூடாதே, படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று கேட்டான். சார் வெகுநேரம் யோசித்து, கிழக்கே பார்த்தே நிறுத்துவதாக வாக்குக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிவந்தார். அந்தம்மா மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த படகை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பாயைப் பார்க்கவில்லை, சுக்கானைப் பார்க்கவில்லை.

"கக்கூஸ் எங்கருக்கு?"

சார் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எனக்குச் சுகர்லா. மணிக்கு ஒருக்கப் போகணும். கக்கூஸ் இருந்தா வாரேன். இல்லைன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

சண்டையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்கள். ஆனால் சாரின் முகம், உரிக்கும்போது விரிசல் விட்ட தொட்டியைப் பார்க்கிற முதலாளியின் முகம் மாதிரி ஆகிவிட்டது. வரைபடத்தைத் தரையில் விரித்து மூன்று பேரும் தேடினோம். கக்கூஸ் இல்லை. வெள்ளைக்காரன் கட்டுப்படுத்திக்கொள்வான் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம்.

ஏரிக்கரைக்கு டப்பா தூக்குகிற இரண்டு பேர் அப்போதிலிருந்து கக்கூஸ் நிபுணர்கள் ஆனோம். கூட்டாளி உடனே தீர்ப்புச் சொன்னான்.

"ஊடு கட்றவன் கக்கூஸ எங்க வெப்பான்? பின்னால. அவ்ளோதான் சார், பின்னால வெச்சிரு."

பின்னால்தான் சுக்கான் பிடிப்பவர் உட்கார வேண்டும். சார் படகு ஓட்டிக்கொண்டிருக்க, அவர் முதுகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அந்தம்மா எப்படி உட்காருவது? மேலும் பின்பக்கம் திறந்த வெளி. கூட்டாளி நாலு பக்கமும் எங்கள் பாத்ரூம் கதவுகளை நிறுத்தலாம் என்றான். காற்றடித்தால் பாய்க்குப் பதில் கக்கூஸே படகை இழுத்துக்கொண்டு போகும் என்று சார் சொன்னார்.

நான் நடுவில் வைக்கச் சொன்னேன். ஒரு காலி ரெசின் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அந்தம்மா உட்கார்ந்து பார்த்தார்கள். பாய்மரத்தின் அடிக்கட்டை முழங்காலுக்கு நடுவே வந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும், எழுந்திருக்கவும் அதைத்தான் பிடிக்க வேண்டும். அது ஒரு வசதிதான் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அறைக்கு இறங்கும் படியின் கீழே வைத்துப் பார்த்தோம். உள்ளே வருகிறவர் கால் அவர்கள் மடியில்தான் படும்.

டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனோம். அங்கே தலையணை இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"இது என்ன?"

"தலகாணிம்மா" என்றான் கூட்டாளி பெருமையாக. "பிளான்லயே கீது."

அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்கள். முட்டைக்குள் முட்டை. பக்கவாட்டில் ஒரு குழாய். நாங்கள் அந்தக் குழாயை வெறும் கோடு என்று விட்டிருந்தோம்.

"தலகாணிக்கு எதுக்கு பைப்பு? ஆஸ்பத்திரில இது மாதிரிதான் கெடக்கு. இதுல்லா கக்கூஸ்."

சார் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். படகுக்காரர் பேச்சுக்கு அர்த்தம் கொடுத்த பட்டியல் ஒன்று அங்கே இருந்தது. விரலை வைத்து இரண்டு முறை படித்தார். படகில் ஹெட் என்றால் கக்கூஸ்தான். எந்தப் புண்ணியவான் அப்படிப் பெயர் வைத்தானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டாளி இறங்கி வெளியே போனான். கைப்பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. துணி துவைக்கும் சோப்பில் மூன்று முறை தலை குளித்துவிட்டு வந்து, "ஒரு வாரம், மாமே" என்று என்னிடம் சொன்னான். அதற்குமேல் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அந்தத் தலையணையில் யாரும் ஒருநாளும் வேறெதுவும் செய்ததில்லை என்று நான் எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

இடம் கிடைத்துவிட்டது என்று சார் சந்தோஷப்பட்டார். அது கொஞ்ச நேரம்தான். தலையணையை எடுத்துவிட்டு டின்னைப் போட்டு உட்கார்ந்தபோது அந்தம்மாவின் உச்சி கூரையில் இடித்தது. படகின் மூக்கு அங்கே சரிந்து இறங்குகிறது. குனிந்து நடந்து உள்ளே வர அவர்களுக்கு முழங்காலும் இடம் கொடுக்கவில்லை.

"சரி, விடுங்க. நான் கரைல இருந்து பாத்துக்கிடுதேன்" என்றார்கள்.

சார் வெளியே போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பிவிடுவார், படகைப் பாதியில் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்து, படகின் மேல்தளத்தில் ஏறி, சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார்.

அந்த வட்டத்தை அறுத்துத் திறந்தோம். மேலிருந்தே இரண்டு படி இறங்கி உட்காரலாம். கூரை இடிக்காது, ஏனென்றால் தலை வெளியே இருக்கும். கழுத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் படகுக்குள். மனைவியை உட்காரவைத்துத் தையல் டேப்பால் சாரே அளவெடுத்தார், தோள் அகலம், சேலைக் கொசுவத்தின் சுற்றளவு உட்பட. தொழிற்சாலையில் ஓட்டையைச் செய்துவிட்டு அதற்குள் போகிற ஆளைத் தேடுவோம், ஆளைப் பார்த்து ஓட்டை போடுவது இதுதான் முதல் தடவை என்றார். மூடிக்குச் சைக்கிள் டியூபை வெட்டி ஓரம் கட்டினார். கீழே ஒரு பெட்டி, அதற்குள் இறுக்கமாக மூடுகிற பக்கெட். ஏரியில் எதுவும் விழக் கூடாது என்பதில் அந்தம்மா கண்டிப்பாக இருந்தார்கள். அந்த ஏரியில் நாங்கள் காலையில் செய்வதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஐப்பசி மழையில் கொரட்டூர் ஏரி நிரம்பியதும் மினி லாரியில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. சார் சுக்கானைப் பிடித்தார். நான் பாய்க் கயிற்றைப் பிடித்தேன், எப்போது இழுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அந்தம்மா நடுவில் கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாளி தண்ணீர் என்றால் பயம் என்று கரையிலேயே நின்றுவிட்டான்.

அரை மணி நேரம் போயிருக்கும். அந்தம்மா எழுந்தார்கள். சார் என்னைப் பார்த்தார். இங்கே தவறினால் அவர்கள் இனிமேல் படகில் கால் வைக்க மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கயிற்றைப் பிடித்தபடி முன்னால் போய், மூடியைத் தூக்கி, சேலையை ஒதுக்கி, மெதுவாக இறங்கினார்கள். கடைசியில் படகின் மூக்கில் குங்குமப் பொட்டோடு ஒரு தலை மட்டும் இருந்தது, நேரே கிழக்கே பார்த்துக்கொண்டு.

கரையில் சலசலப்பு. முன்னால நிக்கிற அந்தம்மா யாரு என்று யாரோ கேட்க, கேப்டன் என்று கூட்டாளி சொல்லியிருக்கிறான். ஒருவர் சல்யூட் அடித்தார். அந்தம்மா வட்டத்துக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, மரியாதைக்குப் பதில் மரியாதை செய்தார்கள்.

நேரம் போனது. தலை நகரவில்லை.

"என்ன, முடியலையா?" என்று சார் பின்னாலிருந்து கேட்டார்.

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிட்டு. இங்கதான் காத்து நல்லா வருது."

கூடையை அங்கே கொண்டுவரச் சொன்னார்கள். முறுக்கு எடுத்துத் தின்றார்கள். எனக்கும் இரண்டு நீட்டினார்கள். பழவேற்காட்டுக்கு எந்த மாதம் போகலாம் என்று திரும்பாமலே கேட்டார்கள். சார் தை மாதம் என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய்க் குத்தவைத்து, "கொஞ்சம் எந்திரிக்கியா, எனக்கும் வருது" என்று மெல்லச் சொன்னார்.

அந்தம்மா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கரைக்குப் போய்ப் பாத்துக்கிடுங்க" என்றார்கள்.

படகைத் திருப்ப எனக்குத் தெரியவில்லை. கரை சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை சார் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.