ஒரு வரி எழுதும் நேரம்

புக்கிட் ரோத்தானில் போலீஸார் எங்கள் பஸ்ஸை நிறுத்தி, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று மூட்டைகளைக் குத்திப் பார்க்கிறார்கள். சொற்கள் சேர்ப்பது என் பழக்கம். முத்தத்துக்கு மலாய் மொழியில் என்ன என்று கண்டக்டரிடம் கேட்கிறேன். "சியும்" என்கிறார். பூவை முகர்வதற்கும் அதுதானாம். நம்மவர்களும் குழந்தையின் உச்சியை மோந்துதானே கொஞ்சுகிறார்கள் என்ற சந்தோஷத்தில் நோட்டைத் திறக்கிறேன்.

பக்கத்தில் நிற்கும் போலீஸ் லோரியின் மேல், கைவிலங்கோடு ஒரு ரப்பர் தோட்டத்து ஆள். கீழே அவன் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் குனிந்தும் எட்டவில்லை.

அவள் என் பக்கம் திரும்புகிறாள். "அண்ணே, நீங்க உசரமா இருக்கீங்க. புள்ளைய கொஞ்சம் தூக்கிப் புடிங்க. அவரு ஒரு தடவ மோந்துக்கட்டும்."

"இந்தா வரேம்மா" என்கிறேன். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு நிமிர்கிறேன். லோரி கிளம்பிவிட்டது.

என் நோட்டில் மை காய்வதற்குள், அவள் குழந்தையின் உச்சியில் மூக்கை அழுத்தி ஆழமாக மூச்சிழுக்கிறாள்.

"இது ஒங்கப்பாவோடது" என்று அதனிடம் சொல்கிறாள்.